செவ்வாய்க் கிரகத்தில் வளவு வீடு கட்டினால் நிற்குமா? அக்கா மகளின் கண்காட்சிக்கு யோசனை வேண்டும்

கேட்டவர்: கானாடுகாத்தான் மேஸ்திரி

வணக்கம். நான் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய செட்டிநாட்டு வளவு வீடுகளை, அதாவது நடுவில் முற்றம் வைத்த பெரிய வீடுகளை, பழுது பார்த்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். சிவில் டிப்ளமா முடித்துவிட்டு இருபத்திரண்டு வருடமாகச் சுண்ணாம்பிலேயே கிடக்கிறேன். செவ்வாய் என்றால் எனக்குத் தெரிந்தது ஜாதகக் கட்டத்தில் இருப்பது மட்டும்தான். கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் அறிவியல் கண்காட்சி. தலைப்பு, வேறு கிரகத்தில் மனிதர் பத்திரமாக வாழ ஒரு வீடு. மற்ற பிள்ளைகள் தெர்மோகோலில் அரைப் பந்து மாதிரி வெட்டி, வெள்ளை பெயிண்ட் அடித்து, பக்கத்தில் ஒரு பொம்மையை நிறுத்திவிடுவார்களாம். இவளுக்கு அது பிடிக்கவில்லை. "மாமா, நம்ம ஊரு வீடும் வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் பயந்து யோசிச்சுக் கட்டினதுதானே? அதையே அங்கே கொண்டு போனா என்ன?" என்றாள். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சரி என்று பிளைவுட் வாங்கி வந்துவிட்டேன். வாங்கிய பிறகுதான் யோசனை வந்தது.

நான் நினைத்தது இது. நம் சுவர் ஒன்றரை அடி, இரண்டடி கனம். ஓட்டுக்கு மேல் ஓடு அடுக்கிய கூரை. வெளியில் நாற்பது டிகிரி அடித்தாலும் உள்ளே பட்டாலையில் படுத்தால் தூக்கம் வரும். அங்கே குளிர் என்கிறார்கள், ஆனால் கனமான சுவர் குளிருக்கும் ஆகும் அல்லவா? அப்புறம் கட்டு கட்டாகப் பிரித்த அமைப்பு. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு போகும். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனி அறை, நடுவில் எல்லோருக்கும் பொது இடம். தரையை உயர்த்திக் கட்டியிருப்பது வேறு. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் முன்பு இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால் வந்த பயம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

முற்றம் திறந்திருக்க முடியாது என்பது எனக்கே தெரியும். அதை மூட வேண்டும். இங்கேதான் எனக்குப் பயம், ஏனென்றால் ஒரு முறை மூடிப் பார்த்து மூக்கறுபட்டவன் நான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வீட்டில், ஏசி போட வேண்டும், முற்றத்தின் மேல் கண்ணாடி போட்டு அடைத்துவிடுங்கள் என்றார் உரிமையாளர். நானும் யோசிக்காமல் சுற்றிலும் சிலிக்கான் வைத்து, எறும்பு நுழைய இடமில்லாமல் அடைத்தேன். ஐப்பசி மழையில் போய்ப் பார்த்தால் வளவு முழுக்க வேர்த்திருந்தது. தேக்குத் தூணில் கை வைத்தால் பிசுபிசுப்பு. கண்ணாடி போல மின்னிய வெண்சாந்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சை. உள்ளே காவலுக்கு ஒரு குடும்பம்தான் இருந்தது, நான்கு பேர். நான்கு பேர் மூச்சும் ஒரு சோற்றுப் பானை ஆவியும் அவ்வளவு பெரிய வீட்டை அந்தப் பாடு படுத்தும் என்று நான் நினைத்ததே இல்லை. கடைசியில் என் கைக்காசில் கண்ணாடியை ஒரு சாண் உயர்த்தி, நான்கு பக்கமும் காற்றுப் போக வழி விட்டேன்.

அங்கே ஒரு சாண் உயர்த்த முடியாதே. அதுதான் கேட்கிறேன். நம் வீட்டில் எது அங்கே செல்லும், எது செல்லாது? சுண்ணாம்புப் பூச்சு அங்கே ஆகுமா? கண்காட்சிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

பதில்: பாய்லர் ஐயா

தம்பி, நான் முப்பத்து நான்கு வருடம் கொதிகலன், அழுத்தக் கலன் வேலையில் இருந்துவிட்டு இப்போது தேவகோட்டையில் உட்கார்ந்திருக்கிறேன். பிளைவுட்டை அறுத்துவிட்டீர்களா? அறுக்கவில்லையென்றால் நிறுத்துங்கள்.

நீங்கள் கட்டும் வீடு கீழே அழுத்தி நிற்பது. கூரையின் பாரம் சுவருக்கு, சுவரின் பாரம் அஸ்திவாரத்துக்கு, அவ்வளவுதான் உங்கள் கணக்கு. செவ்வாயில் வெளியே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே மனிதன் மூச்சு விடக் காற்று வேண்டும். உள்ளே ஊர்க் காற்றையே நிரப்பினால் அது ஒவ்வொரு சதுர மீட்டரையும் பத்து டன் பலத்தோடு வெளியே தள்ளும். பத்துக்குப் பத்து மீட்டர் வளவு என்று வையுங்கள். கூரையை ஆயிரம் டன் மேலே தூக்குகிறது. இது வீடே இல்லை, கேஸ் சிலிண்டர். சிலிண்டர் ஏன் உருண்டையாக இருக்கிறது, சதுரமாக ஏன் இல்லை என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். தட்டையான சுவரும் மூலையும் இந்த வேலைக்கு ஆகாது. மூலையில்தான் முதலில் கிழியும்.

"நம் சுவர்தான் கனமாயிற்றே" என்பீர்கள். செங்கலும் சுண்ணாம்பும் நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. கூரைக்கு மேல் மண்ணைக் கொட்டி அந்தப் பாரத்தால் காற்றை அடக்கலாமா என்று எனக்கும் ஒரு ஆசை வந்தது, கணக்குப் போட்டேன். அங்கே ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம்தான். இங்கே ஒரு டன் எடை உள்ள மண் அங்கே 380 கிலோ மாதிரிதான் அழுத்தும். பத்து டன்னை அடக்க ஏறக்குறைய 18 மீட்டர் மண் வேண்டும். ஆறு மாடி உயரம். யார் அள்ளிக் கொட்டுவது?

ஆனால் இதே வேலையை 3 மீட்டர் ஆரம் உள்ள ஒரு உருளைக் குழாயாகச் செய்தால், கணக்குப்படி 2 மில்லிமீட்டர் இரும்புத் தகடு போதும். கணக்குப்படி என்றேன். வெல்டிங், துரு, மேலே கல் விழுவது எல்லாம் சேர்த்தால் கூடுதலாகத்தான் வைப்போம். தகட்டுக்குப் பதில் கெட்டியான நாரில் நெய்த பையை ஊதி நிறுத்துவதும் உண்டு. விண்வெளி நிலையத்தில் 2016 முதல் அப்படி ஒரு ஊதிய அறை இருக்கிறது.

உள்ளே முழு அழுத்தம் வைக்க வேண்டும் என்பதும் இல்லை. நிலவிலும் செவ்வாயிலும் தங்கும் இடங்களுக்கு நாசா யோசித்து வைத்திருப்பது நம் அழுத்தத்தில் 56 சதவீதம், அதில் ஆக்சிஜன் 34 சதவீதம். அழுத்தத்தைக் குறைத்தால் சுவருக்கு நல்லது, விண்வெளி உடை போட்டுக்கொண்டு சட்டென்று வெளியே கிளம்பவும் வசதி. ஆனால் ஆக்சிஜன் பங்கு கூடினால் தீ எளிதில் பிடிக்கும். 1967 ஜனவரியில் அப்பல்லோ 1 தரையில் நின்றபோதே மூன்று பேர் உள்ளே இறந்தது, முழு ஆக்சிஜனை அழுத்தமாக நிரப்பியிருந்த நிலையில் பற்றிய தீயால்தான். அந்தப் படத்தை நான் பயிற்சி வகுப்பில் ஒவ்வொரு வருடமும் காட்டுவேன்.

இப்போது உங்கள் சுண்ணாம்பு. அமெரிக்காவில் அரிசோனாவில் 'பயோஸ்பியர் 2' என்று கண்ணாடிக்குள் ஒரு உலகமே கட்டி, 1991 செப்டம்பரில் எட்டுப் பேரை உள்ளே விட்டு இரண்டு வருடம் பூட்டினார்கள். காடு, வயல், சின்னக் கடல் எல்லாம் உள்ளேயே. கொஞ்ச நாளில் ஆக்சிஜன் இறங்க ஆரம்பித்தது. 21 சதவீதத்திலிருந்து பதினாறு மாதத்தில் பதினான்கரைக்கு வந்துவிட்டது. படியேறினால் மூச்சு வாங்கியது, கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் அடித்தார்கள். எங்கே போயிற்று என்று தேடினால், வயலுக்குப் போட்ட எருமண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விட்டிருக்கின்றன. அந்த வாயு செடிக்குப் போயிருந்தால் ஆக்சிஜன் திரும்பி வந்திருக்கும். அதைக் கான்கிரீட் குடித்துவிட்டது. கான்கிரீட்டில் இருக்கும் சுண்ணாம்பு உங்கள் பூச்சுச் சுண்ணாம்பு செய்யும் அதே வேலையைச் செய்தது. சுவர் காற்றைக் குடித்துக் கல்லாகிறது என்று நீங்கள் உங்கள் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பீர்களே, அது திறந்த வீட்டில் பெருமை. பூட்டிய வீட்டில் சுவர் சும்மா இருக்க வேண்டும்.

கட்டு கட்டாகப் பிரிப்பது மட்டும் பிரமாதம். விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டும் தனித் தனிக் கலனாக இருக்க வேண்டும். ஒன்று ஓட்டையானால் அடுத்ததற்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். கதவு உள்பக்கமாகத் திறக்க வேண்டும். இரண்டு சதுர மீட்டர் கதவை உள்காற்று பதினோரு டன் பலத்தில் நிலையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும், தாழ்ப்பாளே தேவைப்படாது. நம் தேக்குக் கதவும் உள்பக்கம்தான் திறக்கிறது, அதில் நமக்கு ஒரு சின்னப் பெருமை. ஆனால் முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும் என்று எல்லாக் கதவையும் திறந்து போடுவோமே, அங்கே அப்படிச் செய்தால் அன்றோடு சரி.

மறுமொழி: கானாடுகாத்தான் மேஸ்திரி

ஐயா, பிளைவுட் அறுக்கவில்லை. ஆனால் இரவு தூக்கம் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் படித்தது ஒன்றுமே செல்லாது என்றால் எப்படி. சுண்ணாம்பு காற்றைக் குடிக்கும் என்று சொன்னபோது கொஞ்சம் வலித்தது, உண்மைதான். புதுப் பூச்சு போட்ட அறையை ஆறு மாதம் பூட்டி வைக்காதே, காற்று ஓட விடு என்று என் குருநாதர் திட்டுவார். எதற்கு என்று அப்போது கேட்கவில்லை.

ஒரு சந்தேகம். பையோ தகடோ, காற்றை அது பிடித்துக்கொள்கிறது. கதிர்வீச்சு என்று ஏதோ சொல்கிறாளே மருமகள், அதைத் தடுக்க மேலே மண் போட வேண்டுமாம். அந்த மண்ணை யார் தாங்குவது?

பதில்: காரைக்குடி மின்வேதி

அண்ணே, நான் காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி மாணவன். மண் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

கியூரியாசிட்டி ஊர்தி 2012ல் இறங்கியதிலிருந்து தரையில் கதிர்வீச்சை அளந்து வருகிறது. ஆரம்பத்தில் அளந்ததே ஒரு நாளைக்குச் சுமார் 0.67 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஒரு வருடம் வெட்டவெளியில் இருந்தால் 240 பக்கம். நம் நாட்டில் கதிரியக்கத் தொழிலாளிக்கு அனுமதி ஆண்டுச் சராசரி 20. செவ்வாய்க்கு நம்மைப் போலக் காந்தக் கவசமும் இல்லை, கனமான வளிமண்டலமும் இல்லை, அதனால் இந்தக் கதை. கூரைமேல் இரண்டு மூன்று மீட்டர் மண் இருந்தால் நன்றாகக் குறையும். ஈயம், இரும்பு வைத்தால் வேகமான துகள்கள் மோதி இன்னும் துகள்களைச் சிதற வைக்கும், அது நல்லதில்லை. தண்ணீர், பிளாஸ்டிக் போல ஹைட்ரஜன் அதிகம் உள்ள பொருள்தான் சிறந்த கவசம். 2015ல் நாசா நடத்திய போட்டியில் முதல் பரிசு வாங்கியது ஒரு பனிக்கட்டி வீடு. பனிக்கட்டி கதிரைத் தடுக்கும், வெளிச்சத்தை விடும். முற்றத்தின் மேல் உங்கள் கண்ணாடிக்குப் பதில் அதை வைத்துப் பாருங்கள்.

மண்ணை வெளியில் வைத்துக்கொள்வது முக்கியம், உள்ளே வரவே விடக்கூடாது. 2008ல் பீனிக்ஸ் கலம் அந்த மண்ணில் பெர்குளோரேட் இருப்பதைக் கண்டுபிடித்தது, அரை சதவீதம் அளவுக்கு. சிவகாசிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர், பட்டாசு மருந்தில் போடுவது. உடம்பில் சேர்ந்தால் தைராய்டுக்கு அயோடின் போகவிடாது. செருப்பைத் திண்ணையோடு விட்டுக் காலைக் கழுவிவிட்டு உள்ளே வா என்று ஆச்சிமார் சொல்வதுதான் இங்கே தீர்வு. விண்வெளி உடையை வீட்டுக்கு வெளியே சுவரில் மாட்டியபடி விட்டுவிட்டு, உடையின் முதுகு வழியாக நேராக வீட்டுக்குள் நுழையும்படி வடிவமைக்கிறார்கள்.

நம் பெருமைக்கு ஒன்று. சந்திரயான் 2 சோதனைக்கு நிலவு மண் மாதிரி வேண்டியிருந்தபோது நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறையை இடித்துத்தான் செய்தார்கள். அது நிலவுக்கு, செவ்வாய்க்கு ஆகாது. மருமகள் மாதிரிக்குச் செம்மண்ணே போதும்.

மூச்சுக் காற்றும் சொல்லிவிடுகிறேன், என் துறை. பெர்சிவரன்ஸ் ஊர்தியில் மாக்சி என்று ஒரு பெட்டி இருந்தது. செவ்வாய்க் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு. அதை 800 டிகிரிக்குச் சூடாக்கி மின்சாரத்தால் பிரித்து ஆக்சிஜன் எடுத்தார்கள். 2021 முதல் 2023 வரை பதினாறு தடவை ஓட்டி மொத்தம் 122 கிராம். ஒரு ஆள் மூன்றரை மணி நேரம் மூச்சு விடலாம். சிரிக்காதீர்கள், பெட்டி ஒரு டோஸ்டர் அளவுதான்.

பதில்: பாய்லர் ஐயா

மேஸ்திரி, மண்ணை யார் தாங்குவது என்று கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் கேள்வி. பெரிய பெரிய படங்களில் இதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்று மீட்டர் மண் அங்கே சதுர மீட்டருக்கு 1.7 டன் அழுத்தும். உள்காற்று 56 சதவீதம் என்றாலும் 5.7 டன் மேலே தள்ளும். ஆக, காற்று இருக்கும்வரை பையே மண்ணைத் தூக்கி நிறுத்தும், ஒரு கவலையும் இல்லை. ஒரு நாள் ஓட்டை விழுந்து காற்று போயிற்று என்று வையுங்கள். ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கிற ஆள் மேல் கூரையும் இறங்கும். எங்கள் தொழிலில் உள்ளழுத்தத்துக்கு மட்டும் கட்டிய தொட்டிக்குள் வெற்றிடம் விழுந்தால் காகிதக் கப் மாதிரி கசங்கும், நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டு வேலைக்கு இரண்டு ஆள் வையுங்கள். காற்றைப் பிடிக்கப் பை. மண்ணைச் சுமக்க அதன்மேல் தனியாக ஒரு வளைவு, பையைத் தொடாமல்.

வளைவு இழுபடாது, நசுங்கி மட்டுமே நிற்கும். அது யார் வேலை, நான் சொல்ல வேண்டுமா?

பதில்: பள்ளத்தூர் ஆச்சி

தம்பிமார் எல்லோரும் சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் உள்ளே இருக்கிற மனிதரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்கிறேன்.

எங்கள் ஐயா ரங்கூனில் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள். மொகல் தெருவில் கிட்டங்கி, கடையும் தங்குமிடமும் அதுதான். நீளமான ஒரு கூடம், வரிசையாக ஆளுக்கொரு பெட்டியடி. பகலில் அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்து கணக்கு எழுதுவது, ராத்திரி அதே இடத்தில் பாயை விரித்துப் படுப்பது. பொதுவில் ஒரு சமையல்காரர். பெண்டு பிள்ளை யாரும் கிடையாது. மூன்று வருடக் கணக்கு முடிந்தால்தான் ஊருக்குத் திரும்பலாம். செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கும் போக, இருக்க, வர என்று இரண்டரை மூன்று வருடம் ஆகுமாமே. புறப்படத் தோதான நாள் 26 மாதத்துக்கு ஒரு முறைதான் வருமாம். நடுவில் வீட்டு நினைப்பு வந்து திரும்பிவிட முடியாது. எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை.

ஐயா கடைசிவரை சொன்ன ஒரு குறை, அழுவதற்கு ஒரு மறைவு இல்லை என்பது. முதல் பிள்ளை இறந்த கடிதம் வந்த அன்று கிட்டங்கியில் இருபது பேருக்கு நடுவே அதைப் படித்துவிட்டு, மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பேரேட்டை எழுதினார்களாம். அந்தப் பேரேடு எங்களிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் கையெழுத்தில் ஒரு நடுக்கமும் இல்லை. அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு பிசையும்.

மாஸ்கோவில் 2010, 2011ல் ஆறு பேரை 520 நாள் உள்ளே வைத்துப் பூட்டிப் பார்த்தார்கள். சிலருக்குத் தூக்கமே தாறுமாறாகிவிட்டதாம். ஹூஸ்டனில் நான்கு பேர் 378 நாள் இருந்துவிட்டு 2024 ஜூலையில் வெளியே வந்தார்கள், அந்த வீட்டில் ஆளுக்கொரு அறை உண்டு. அங்கிருந்து போன் பேசினால் நம் குரல் போய்ச் சேரவே மூன்று நிமிடத்திலிருந்து இருபத்திரண்டு நிமிடம்வரை ஆகும். அதற்குப் போன் என்று பெயரா? கடிதம்தான் எழுத வேண்டும். ஆகவே தம்பி, புள்ளிக்கு ஒரு அறை என்று நீங்கள் சொன்னீர்களே, இடம் போதவில்லை என்று யார் சொன்னாலும் அதைக் குறைக்காதீர்கள். சின்னதாக இருக்கட்டும், கதவு இருக்கட்டும்.

அடுப்படிக்கும் ஒன்று. பாய்லர் தம்பி சொன்ன 56 சதவீதக் காற்றில் தண்ணீர் 84 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்று பேரன் கணக்குப் பார்த்துச் சொன்னான். துவரம்பருப்பு வேகுமா? குக்கர் இல்லாமல் முடியாது. தாளிப்பதை மறந்துவிடுங்கள். கடுகு வெடிக்கிற எண்ணெயும், 34 சதவீத ஆக்சிஜனும், சன்னல் இல்லாத வீடும் ஒன்றாகச் சேரக் கூடாது. மூன்று வருடம் தாளிக்காத குழம்பு. அதற்கு ஒத்துக்கொள்கிறவர்களைத் தேடுவதுதான் ராக்கெட்டை விடக் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

உங்கள் கண்ணாடி முற்றம் வேர்த்த கதைக்கும் சொல்கிறேன். விண்வெளி நிலையத்தில் அந்த வேர்வையையும் மூச்சு ஈரத்தையும் சிறுநீரையும் பிடித்துத்தான் குடிக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு திரும்ப எடுத்துவிட்டோம் என்று 2023ல் சொன்னார்கள். வளவில் விழும் மழையைக் கிடாரத்தில் பிடித்து வைத்த வீடுதானே நம்முடையது. நீங்கள் அந்தத் தண்ணீரை வழியவிட்டீர்கள், அவர்கள் பிடித்துவிட்டார்கள்.

மறுமொழி: கானாடுகாத்தான் மேஸ்திரி

ஆச்சி, உங்கள் பதிலை மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். பேரேடு இடத்தில் நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மாதிரியில் ஒரு அறைக்குக் கதவு வைக்க மறந்திருந்ததைக் காட்டினாள்.

இதுவரை ஆனது. பிளைவுட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்று ஸ்கூட்டர் டியூப், மூன்று கட்டு. டியூபை ஊதி, ஒரு பெரிய தட்டில் வைத்து, மேலே ஆத்தங்குடிச் செம்மண்ணைச் சலித்துக் கொட்டினோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பாய்லர் ஐயா சொன்ன வளைவை நான் முதலில் வைக்கவில்லை. டியூபே தாங்குகிறதே, எதற்கு வீண் வேலை என்று நினைத்தேன். நானே இப்படி நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை பார்த்தால் நடுக்கட்டு அமுங்கிப் போயிருந்தது. செம்மண் ஒரு சட்டி மாதிரிக் குழிந்து, உள்ளே அவள் வைத்திருந்த சின்னக் கட்டிலின் கால் மட்டும் வெளியே தெரிந்தது. பஞ்சர் கடைக்காரர் செய்கிற மாதிரி வால்வில் எச்சில் தொட்டு வைத்தேன். கடுகளவு குமிழி, ஒன்று உடைந்து இன்னொன்று. ராத்திரி முழுக்க அந்த அளவில்தான் போயிருக்கிறது, சத்தமே இல்லாமல். அவள் அதைப் பார்த்துவிட்டு, இதை அப்படியே கண்காட்சிக்கு வைக்கலாம் மாமா, பக்கத்தில் வளைவு வைத்த கட்டும் இருக்கட்டும் என்றாள்.

அதனால் ஒரு கட்டுக்கு மட்டும் வளைவு கட்டினேன். செங்கல்லை விரல் கனத்துக்கு ஆப்பு ஆப்பாக அறுத்து, பாட்டிலைச் சென்டரிங்காக வைத்து, சாந்தே இல்லாமல் அடுக்கினேன். வெளியே தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் அந்த அழுத்தத்தில் கொதித்துப் போய்விடும் அல்லவா, அதனால் சாந்து கூடாது என்று நானே முடிவு செய்தேன். மின்வேதி தம்பி, அங்கே சாந்துக்குப் பதில் என்ன என்று மட்டும் சொல்லுங்கள், அவள் அட்டையில் எழுத வேண்டும். பாட்டிலை உருவியபோது ஒரு கல்கூட அசையவில்லை. மேலே இரண்டு கிலோ மண் கொட்டி, டியூபின் காற்றை முழுக்கப் பிடுங்கிவிட்டேன். நிற்கிறது.

பதில்: காரைக்குடி மின்வேதி

கந்தகம் அண்ணே. செவ்வாய் மண்ணில் கந்தகச் சத்து நிறைய உண்டு. அதைப் பிரித்தெடுத்து 120 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே உருக்கி மண்ணோடு கலந்தால் ஆறும்போது கல்லாக இறுகும். சொட்டுத் தண்ணீர் வேண்டாம். உடைத்துத் திரும்ப உருக்கியும் வார்க்கலாம். பூமியிலும் கந்தகக் கான்கிரீட் போடுகிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்காதீர்கள், நாற்றம் தாங்காது, புகையும் ஆகாது. அட்டையில் எழுதினால் போதும். வளைவின் படம் ஒன்று போடுங்கள், பார்க்க வேண்டும்.

மறுமொழி: கானாடுகாத்தான் மேஸ்திரி

படம் நாளை போடுகிறேன். இப்போது அவள் முகப்புக் கதவை உள்பக்கம் திறக்கும்படி மாற்றிக்கொண்டிருக்கிறாள், கீல் கேட்கிறாள். நகைப்பெட்டிக் கீல் எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், செக்காலை ரோட்டில் கேட்டுவிட்டேன், இல்லை.